பதினேழு அடிக் கூடம்

உத்திரமேரூரில் வீடு பார்க்க வருகிறவர்களைக் கண்டால் ஏசுதாஸ் கொத்தனாருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பும். வெளியே காட்டமாட்டான். சாரத்தின் மேல் குந்திக்கொண்டு, பீடியை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு, கீழே நடக்கிற கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருபத்தெட்டு வருஷம் கரணை பிடித்த கை. அவன் பூசிய சுவரில் நூல் பிடித்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது என்று தாலுகா முழுக்கப் பெயர். அந்தப் பெயர் அவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை திமிர்.

வீடுகள் பச்சமுத்துவுடையவை. நெல் மண்டிக்காரன். மண்டியில் கை சூடு பட்ட பிறகு, மெட்ராசுக்குக் குடிபோனவர்களின் பழைய மச்சு வீடுகளை வந்த விலைக்கு வாங்கி, மூன்று மாதத்தில் புதுசாக்கி, இரண்டு பங்கு விலைக்குத் தள்ளிவிடுகிற தொழிலில் இறங்கி ஐந்தாறு வருஷம் ஆகிறது. புதுசாக்குவது என்றால் என்ன பெரிய புதுசு? வெடித்த சுவரில் சிமெண்டைத் திணித்து மேலே டிஸ்டம்பர் அடிப்பது. வாசலில் நிற்கிறவன் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் மொசைக், அதற்கு அப்பால் பழைய தரை. ஜன்னலுக்கு நீலப் பெயிண்ட். முகப்பில் சிமெண்டில் ஒரு தாமரை, அதற்குக் கீழே வருஷம்.

"கெழட்டு மாட்டுக்குக் கொம்ப சீவி, சாயம் பூசி, சந்தையில நிறுத்தற வேலைதான் இது" என்பான் ஏசுதாஸ். "மாட்டுச் சந்தையிலயாவது பல்லப் புடிச்சிப் பாப்பான். இவனுங்க அது கூட பாக்கறதில்ல."

அவர்கள் பார்ப்பது வேறு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பள்ளிக்கூடத்து வாத்தியார், மின்சார வாரியத்து ஆள் என்று யார் வந்தாலும் முதல் காரியமாகப் பையிலிருந்து டேப்பை எடுப்பார்கள். சுவருக்குச் சுவர் உள்ளளவு. மனையடி சாஸ்திரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பலன் போட்டிருக்கிறதே, அது. பதினாறு என்றால் செல்வம், பதினேழு என்றால் ராஜயோகம், பதினெட்டு என்றால் உள்ளதெல்லாம் போகும். தரையில் நான்கு காலில் தவழ்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அங்குலத்தைப் பார்ப்பார்கள். சரியாக வந்துவிட்டால் பெண்டாட்டியைப் பார்த்து ஒரு சிரிப்பு. முடிந்தது. தலைக்கு மேல் கூரை என்று ஒன்று இருக்கிறதே, அதன் கதி என்ன, மழைக்கு ஒழுகுமா, மரம் உளுத்திருக்கிறதா, அண்ணாந்து ஒருத்தன் பார்த்தானில்லை. ஐந்து வருஷத்தில் பதினோரு வீடு விற்றாயிற்று. ஒருத்தன், ஒரே ஒருத்தன், தலையைத் தூக்கியிருந்தால் ஏசுதாஸ் சாரத்திலிருந்து இறங்கி வந்து கும்பிட்டிருப்பான்.

"படிச்ச முட்டாளுங்க" என்று பக்கத்தில் துப்புவான். அவனுக்கு மனையடியும் கிடையாது, ஒரு அடியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன். "ஏழடி இருந்தா பிச்சக்காரனாம், எட்டடி இருந்தா ராஜாவாம். நடுவுல இருக்கிற அந்த ஒரு அடிய எங்கிட்ட குடுங்கடா, நான் காலனியில ஒரு வூடு கட்டிக்கறேன்."

சரி, ஏரிக்கரைத் தெருவின் கோடி வீட்டுக்கு வருவோம். பச்சமுத்து அதை வாங்கியது அடிமாட்டு விலைக்கு. காரணம், கூடம். வடக்கு சுவரிலிருந்து தெற்கு சுவர் வரைக்கும் சுத்தமாகப் பதினெட்டு அடி. உள்ளதெல்லாம் போகும் என்று யாரும் கிட்டேயே வரவில்லை.

"இன்னாடா ஏசுதாசு, எவன் வாங்குவான் இத்த?" என்றான் பச்சமுத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"ஒரு அடிய முழுங்கிட வேண்டியதுதான் மொதலாளி."

"எப்பிடி?"

"வடக்கு சுவத்துக்கு முன்னால இன்னொரு சுவரு ஏத்திடலாம். செங்கல்ல குறுக்க நிக்கவெச்சி கட்டினா மூணு அங்குலம்தான். நடுவுல சந்து வுட்டு, மேல பூசிட்டா கரெக்டா பதினேழு. அந்தச் சுவரு எதையும் தாங்க வாணாம். சும்மா நின்னா போதும்."

பச்சமுத்துவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அவன் ஒன்றைக் கவனித்திருந்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். மச்சைத் தாங்குகிற நடு உத்திரத்தின் வடக்கு முனை, மேலே கைப்பிடிச் சுவரில் தண்ணீர் இறங்கி இறங்கி, செல் அரித்து, விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது.

"அந்த உத்திரத்த மாத்திடுடா. நாளைக்கு மச்சு எறங்கி எவனாவது செத்தான்னா போலீசு கேசுன்னு நான் அலைய முடியாது" என்று காஞ்சிபுரத்து மரக்கடையில் தேக்கு வாங்கக் காசையும் கையில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்விட்டான்.

காசு மடியில் ஏறியது. ஏசுதாஸ் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இந்தத் தரையில் எவனோ ஒரு கண்ணாடிக்காரன் தவழப் போகிறான், பதினேழு என்று பல்லை இளிக்கப் போகிறான். அவனுக்குத் தேக்கா? மேலே பார்க்கத் தெரியாத ஜென்மத்துக்குப் புது உத்திரம் ஒரு கேடா?

சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்து நிறுத்தினான். உளுத்துப்போன முனையை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினான். இப்போது உத்திரம் பழைய சுவரை எட்டவில்லை, முக்கால் அடி குறைவு. அந்த இடத்தில்தான் புதுச் சுவர் வரப்போகிறதே! எதையும் தாங்க வேண்டாம் என்று அவன் வாயாலேயே சொன்ன மூன்றங்குலச் சுவரின் தலையில், கூடத்து மச்சின் பாரத்தைத் தூக்கி வைத்தான். மண் சாந்தில் கட்டி, மேலே சிமெண்டு பூசி, உத்திரம் முழுக்கக் காப்பிக்கொட்டை நிறத்தில் பெயிண்ட் அடித்தான். கூட இருந்த சித்தாளுக்கு இரண்டு நாள் கூலி கூடப் போட்டு வாயை அடைத்தான். திருப்பதியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்த பச்சமுத்து, "தேக்குன்னா தேக்குதான்டா" என்று தடவிக் கொடுத்துவிட்டுப் போனான். உத்திரத்துக் காசு ஒரு வாரம் சாராயக் கடையில் கரைந்தது, மிச்சத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. அவ்வளவுதான். கெட்ட வேலை செய்கிறவனுக்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை, பாருங்கள்.

முதலில் வந்தவன் ஏகாம்பரம், பத்திர ஆபீசில் எழுத்தர். டேப்பைப் போட்டான். பதினேழு. முகம் பூரித்தது. அட்வான்ஸ் பேசி, வெற்றிலை பாக்கு வாங்க ஆள் போன நேரத்தில் அவனுடைய மாமனார் வாயைத் திறந்தார்.

"டேப்பு வெள்ளக்காரன் அடி மாப்ள. வூட்டுக்காரன் கால் அடியிலதான் அளக்கணும். சாஸ்திரத்துல அப்பிடித்தான் கீது."

ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாகக் குதிகாலும் விரலுமாக ஒட்டி ஒட்டி வைத்து நடந்தான். அவன் பாதமோ டேப் அடிக்குக் கொஞ்சம் குறைவு. தெற்கு சுவரைத் தொட்டபோது பத்தொன்பது. பத்தொன்பதுக்குப் பலன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஆகாது என்று. அவன் பெண்டாட்டி அங்கேயே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். வெற்றிலை வாங்கப் போனவன் வந்து பார்க்கும்போது ஆளில்லை.

ஏசுதாஸ் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு மாதத்துக்குக் காலனியில் அதே கதை. ஏகாம்பரம் எப்படி நடந்தான் என்று நடந்து காட்டுவான். கொட்டாங்கச்சியில் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை நட என்பார்கள். நடப்பான்.

கோடி வீடு அதற்குப் பிறகு விலை போகவில்லை. ராசியில்லாத வீடு என்று பேச்சு பரவி எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது.

ஏசுதாசுக்கு ஒரே மகள், மேரி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் போன பிறகு தகப்பனுக்குச் சோறு போடுகிறவளும் அவள்தான். திருப்புலிவனத்துப் பக்கம் காலனியிலிருந்து தினம் சைக்கிள் மிதித்து உத்திரமேரூர் வருவாள். ஊருக்குள் ஒரு வீடு வேண்டும் என்பது அவளுக்கு ஏழு வருஷத்து ஆசை. வாடகைக்குக் கேட்டால், "நர்ஸம்மாவுக்கு இல்லாததா? ஆனா நேத்துதான் பேசி முடிச்சிட்டோம்" என்பார்கள். அடுத்த மாதமும் அந்த வீடு பூட்டியே கிடக்கும். அந்த வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்ததே இவள்தான். வாடகைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்றால் விலைக்கே வாங்கிவிடுகிறேன் என்று சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏசுதாஸ் சோற்றில் கை வைத்திருக்கும்போது சொன்னாள்.

"நைனா, வூடு பேசி முடிச்சிட்டேன். அட்வான்சும் குட்தாச்சி."

"எந்த வூடு?"

"ஏரிக்கர கோடி வூடு. நீ பூசினியே, அதான்."

கை தட்டிலேயே நின்றுவிட்டது. "என்ன கேக்காம எப்பிடி குட்த?"

"ஒன்ன கேட்டா ஒதட்டப் பிதுக்குவ. எந்த வூட்ட சொன்னாலும், வாங்கறவன் முட்டாளு, விக்கறவன் திருடன்னுவ. அதான் கேக்கல." மேரி சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள். "அந்தக் கூடத்துல ஒரு சுவரு சும்மா நிக்கிதாமே? மண்டிக்காரரே சொன்னாரு. நமக்கு இன்னா அளவா கிளவா? ஞாயித்துக்கெழம ஆளு வெச்சி அத்த இடிச்சிட்டா ஒரு அடி கெடைக்கும், கட்டிலு தாராளமா போடலாம். சாவி குட்துட்டாரு. திங்கக்கெழம ரிஜிஸ்தரு."

அந்தச் சுவரில் கடப்பாரை பட்டால் உத்திரம் இறங்கும். உத்திரம் இறங்கினால் மச்சு இறங்கும். கீழே நிற்கப் போவது யார்? இடிக்கிற ஆள் இரண்டு பேர், பக்கத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு மேரி. தான் வாங்குகிற வீட்டு வேலையைத் தள்ளி நின்று பார்க்கிற பெண்ணா அவள்?

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னானா? இல்லை. இருபத்தெட்டு வருஷத்துப் பெயர் நாக்கைப் பிடித்துக்கொண்டது. என்ன சொன்னான் தெரியுமா?

"அந்தக் கூடம் பதினெட்டு அடிம்மா. ஆவாது. உள்ளதெல்லாம் பூடும்னு சாஸ்திரத்துல கீது."

மேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயா நைனா பேசற? ஏகாம்பரம் மாதிரி நடந்து காட்டு, பாக்கறேன்!"

ஏரி ஊறல் என்று சொல்லிப் பார்த்தான், கொசு என்று சொன்னான், தெருக்காரர்கள் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள் என்றான். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில், "ஒனக்குப் புடிக்கலன்னா நீ இங்கயே இரு, நான் போறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் மண்டிக்குப் போனான். பச்சமுத்து மூட்டை மேல் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"மொதலாளி, எம்பொண்ணு குட்த அட்வான்ச திருப்பிக் குட்துடுங்க. அந்த வூடு வாணாம்."

"இன்னாடா கத? கும்பிட்டு வாங்கிக்கினு போச்சி நர்ஸம்மா, நீ வந்து வாணாங்கற." பச்சமுத்து கையை நக்கினான். மகளுக்கு அம்மா, தகப்பனுக்கு அடா. சர்க்கார் சம்பளத்துக்கு அவ்வளவு மரியாதை. "இத்தினி மாசம் கெடந்த வூடு. நல்ல ஆளு வந்திருக்கு. வுடுவனா?"

"அதுல ஒரு கோளாறு கீது மொதலாளி."

"இன்னா கோளாறு? உத்திரம் மாத்தினோம், ஓட்ட அடச்சோம், நீதான பூசின? எங்கிட்ட காசு வாங்கிக்கினுதான பூசின?" பச்சமுத்துவின் கண் சுருங்கியது. ஏசுதாஸ் தலையைக் குனிந்தான். உத்திரம் மாற்றவில்லை என்று இவனிடம் சொன்னால் இந்த மண்டி வாசலிலேயே கட்டி வைத்து உதைப்பான். "போடா, போய் வேலையப் பாரு. ஒண்ணு சொல்றேன் கேளு. இத்தினி வருசத்துல எத்தினி பேருக்கு வூடு காட்டிட்டேன். எல்லாம் டேப்ப எடுத்துக்கினு தரையில தவழும். ஒம்பொண்ணு அளக்கவே இல்ல. மேலயும் பாக்கல, கீழயும் பாக்கல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சி. கொத்தனாரு யாருன்னு. ஏசுதாசுன்னேன். அப்பிடின்னா போதும்னு பணத்த எடுத்து வெச்சிடுச்சி."

ஏசுதாஸ் திரும்பி நடந்தான். பஸ் நிலையம் வரை நடந்தான், அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போனான், கோடி வீட்டு வாசலில் நின்றான். புதுப் பூட்டு தொங்கியது. சாவி மேரியிடம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடம் தெரிந்தது. சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் அவன் யாரை முட்டாள் என்று துப்பினானோ அவர்கள் டேப்பை நம்பினார்கள், சாஸ்திரத்தை நம்பினார்கள். அவன் மகள் அவனை நம்பிவிட்டாள். எல்லாரிலும் பெரிய முட்டாள் அவள்தான் போலிருக்கிறது. அப்படி நினைத்த மாத்திரத்தில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் பயந்துபோய்ப் பார்த்தாள்.

அன்றைக்கும் அவன் சொல்லவில்லை. கேவலம்தான். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வயிற்று வலி என்று போகாமல், முன்னதாகவே போய் கோடி வீட்டு வாசலில் குந்தியிருந்தான். மாதா கோயிலிலிருந்து மேரி நேராக வந்தாள், வெள்ளைப் புடவையில். கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். வேடிக்கை பார்க்கப் பச்சமுத்துவும் வந்து சேர்ந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வயித்து வலின்ன?" என்றாள் மேரி. பூட்டைத் திறந்தாள். ஆட்கள் உள்ளே போனார்கள். ஒருத்தன் சுவரில் முதுகைச் சாய்த்து இடம் பார்த்துவிட்டு, "இங்க நடுவுல போட்டா சரசரன்னு வந்துடும்" என்று கடப்பாரையை ஓங்கினான்.

"டேய்! வெக்காதடா!"

ஏசுதாஸ் போட்ட சத்தத்தில் ஆள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான். ஏசுதாஸ் ஓடி வந்து சுவருக்கும் ஆளுக்கும் நடுவில் நின்றான். மூச்சு வாங்கியது.

"வெளிய போங்க. எல்லாரும் வெளிய போங்க. மேரி, மொதல்ல நீ போ."

"இன்னா நைனா?"

"அந்தச் சுவத்து மேலதான் உத்திரம் நிக்கிது. மாத்தல. உளுத்தத அறுத்துட்டு இது மேல வெச்சேன். இத்த தட்டினா எல்லாம் எறங்கிடும்."

முதலில் வாயைத் திறந்தவன் பச்சமுத்து. "அடப்பாவி! தேக்குக்குக் காசு குட்தேனேடா! தேக்குன்னு தடவிப் பாத்தேனேடா!" என்று அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். மேரி குறுக்கே ஒரு கையை நீட்டினாள். அவன் நின்றுவிட்டான். அவளோ அவனைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நைனா?"

பொய் எதுவும் கிடைக்கவில்லை. "எவன் வாங்கினாலும் மேல பாக்கப் போறதில்லன்னு நெனச்சேன்."

"எவனோன்னா செத்தா பரவால்லயா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பள்ளிக்கூடத்து வாத்தியாரு வாங்கினாரே பெரிய தெருவுல, அந்த வூடும் நீதான பூசின? போன மாசம் அங்கதான் ரெட்டப் புள்ள எடுத்துட்டு வந்தேன். அதுல இன்னா வெச்சிருக்க?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. பூச்சுதான் மோசம். சத்தியமா உத்திரம் இது ஒண்ணுதான்."

"சத்தியமா" என்று மேரி திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏசுதாசுக்கு உடம்பு கூசியது. தரையில் தவழ்கிறவர்களைச் சாரத்தின் மேலிருந்து அவன் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறதே, அதே பார்வை அவள் கண்ணில் இருந்தது. அதன் கீழே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பச்சமுத்து தொண்டையைக் கனைத்தான். வியாபாரி அல்லவா, அதற்குள் கணக்கு ஓடிவிட்டது. "நர்ஸம்மா, தப்பு என்னுதில்ல, பாத்துட்டீங்க. ஒங்க அப்பனே கூலி இல்லாம சரி பண்ணிக் குடுக்கட்டும். நாளைக்கு ரிஜிஸ்தர முடிச்சிடலாம்."

"ஆமாம்மா, நானே மாத்திடறேன். நல்ல தேக்கா போட்டு, ஒரு வாரத்துல…"

"நீ வாணாம்." மேரி அவன் பக்கம் திரும்பவில்லை. பச்சமுத்துவிடம் பேசினாள். "வூட்ட வாங்கறேன். இத்த வுட்டா எனக்கு இந்த ஊர்ல எவன் குடுப்பான்? நீங்க கூட எவனும் வாங்கலன்னுதான் எனக்குக் குட்தீங்க. புது உத்திரம், ஆளு கூலி, எல்லாம் வெலையில கழிச்சிக்கோங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க. ஒரு நாளைக்கு நூறு பேரு எங்கிட்ட ஊசி போட வர்றாங்க. உத்திரம் இல்லாத வூட்ட வித்தாருன்னு ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கினே ஊசி போடுவேன்."

பச்சமுத்து மனசுக்குள் ஒரு தடவை கூட்டிக் கழித்தான். "கழிச்சிக்கலாம்" என்றான்.

திங்கட்கிழமை பத்திரம் பதிவானது. ஏசுதாஸை யாரும் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை.

மேரி மதுராந்தகத்திலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தாள். இருசப்பன் என்று பெயர். காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை. உத்திரமேரூரில் யாரையும் தெரியாது. அதற்காகவே அவனைப் பிடித்தாள். தகப்பனோடு அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்துப் போட்டாள். வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அவன் தினமும் கோடி வீட்டு வாசலில் வந்து வேப்பமரத்தடியில் நிற்பான். உள்ளே முட்டு நிறுத்துகிற சத்தம் கேட்கும். எங்கே எத்தனை கழி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் மேரி சாப்பாட்டு நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மச்சு முழுக்கச் சவுக்குக் கழிமேல் பத்திரமாக நின்றது. பொய்ச் சுவரைத் தலையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்கியாயிற்று. ஏசுதாஸ் அடக்க முடியாமல் படியேறிக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். இருசப்பன் அறுத்த உத்திர முனையைக் கையால் தடவிக்கொண்டிருந்தவன் திரும்பினான். வயசான ஒரு ஆள், துவைத்த சட்டை, வீட்டு அம்மாவின் ஜாடை. யாரென்று அவனே தீர்மானித்துக்கொண்டான்.

"பெரியவரே, நீங்கதான் வூட்டப் பாத்து வாங்கினீங்களா? வயசாச்சி, புத்தி வாணாமா? மேல அண்ணாந்து பாக்கவே மாட்டீங்களா?" உத்திரத்தைத் தட்டிக் காட்டினான். "பாருங்க. ஒரு கொலகாரன் பண்ணியிருக்கான் இத்த. உங்கள மாதிரி ஏமாளிங்க இருக்கறதாலதான் இவனுங்க பொழச்சிக்கினு கீறானுங்க."

ஏசுதாஸ் மேரியைப் பார்த்தான். அவள் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். இருசப்பன் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஏசுதாஸ் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஏமாந்த கிழவன் என்று இருசப்பன் நாலு வார்த்தை திட்டுவான், கொஞ்சம் பரிதாபப்படுவான், ஒரு பீடியும் கொடுப்பான். ஏமாளியாக இருப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்று ஏசுதாசுக்கு அப்போது தோன்றியது.

"நான் வாங்கல" என்றான். இருசப்பனுக்குக் கேட்கவில்லை, காதில் கையைக் குவித்தான். ஏசுதாஸ் கிட்டே போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. "நான் வாங்கல மேஸ்திரி. நான்தான் இத்த பண்ணது."

ஆட்கள் கையிலிருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இருசப்பன் அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தான். வாசல் பக்கம் திரும்பினான்.

"யம்மா, உத்திரம் ஏத்தற நேரம். இந்த ஆள வெளிய போவச் சொல்லுங்க."

மேரி படியை விட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

"போ நைனா" என்றாள்.

அவன் போனான்.